முதுகுப் பையும் சட்டைப் பையும்

வெள்ளவத்தை
ஞாயிறு

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை அம்மா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள். 26 சாமான். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேற்றுக் காலை 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். முதலில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா, அப்புறம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு என்று மத்தியானம் வரை அலைச்சல். வாங்கியது ஐந்தே ஐந்து. மிச்சத்தை ஏன் வாங்கவில்லை என்று வொயிஸ் மெசேஜில் சொன்னால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம், படம் எடுத்து வட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறேன்.

மூன்று மாதம் எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று சிங்கப்பூர் கந்தோரில் சொல்லிவிட்டார்கள், முதுகில் ஒரு பையோடு எல்ல, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று சுற்றப்போகிறேன் என்று நீ சொன்னதும் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருந்துக் கம்பனி ரெப்பாக 27 வருடம் ஒரு தோல் பைக்குள்தானே என் கந்தோரும் இருந்தது! பதுளையில் டாக்டரைப் பார்த்துவிட்டு, பஸ் நிலைய வாங்கில் இருந்து ரிப்போர்ட் எழுதுவேன். இப்போது அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் பை. நீ படம் அனுப்பிய 40 லீற்றர் பையைக் கடையில் பார்த்தேன். உள்ளும் புறமுமாக 17 அறைகள். கடைக்காரப் பெடியன் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிட்டு, முதலில் திறந்தது எது என்று அவனே தேடினான். அதற்குமேல் நான் விலை கேட்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது இருட்டில் கையை விட்டதும் அகப்பட்ட சாமான்தான் உதவியது. பைக்கும் அதே கணக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டு சார்ஜரை எடுக்க முடியாவிட்டால் அந்தப் பை உனக்குப் பெரிது. 25 லீற்றர் தாராளம். நிறைய விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் விடுவார்கள். 40 லீற்றர் பை வைத்திருக்கிறவர் அதை நிரப்பாமல் விடமாட்டார்.

நான் பார்த்துவைத்திருக்கும் பையில் மூன்றே அறைகள். லப்டொப் வைக்கும் அறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அதன் அடி, பையின் அடியைத் தொடாமல் மூன்று விரல் உயரத்தில் தொங்குகிறது. இது இல்லாத பையை ரயில் தரையில் ஒருதரம் பொத்தென்று வைத்தால் லப்டொப்பின் மூலைதான் அடி வாங்கும். ஸிப் நைலோன் சுருள் ஸிப். உலோக ஸிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடலுக்குக் கிட்ட இருக்கிற நம் வீட்டில் கதவுப் பிணைச்சலே என்ன பாடுபடுகிறது என்று உனக்குத் தெரியும்.

மழை உறை கேட்டிருந்தாய். வாங்கவில்லை. ஐப்பசி கார்த்திகையில் கொழும்பில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழையை நீ மறந்துவிட்டாய் போல. அந்த உறை பையின் வெளிப்பக்கத்தைத்தான் மூடும், முதுகோடு ஒட்டும் பக்கம் திறந்தே கிடக்கும். கழுத்தில் விழும் தண்ணீர் நேரே அந்த வழியால் இறங்கும். லப்டொப் அறை எங்கே இருக்கிறது? அதே பக்கத்தில். ஆகவே தடித்த பொலித்தீன் பை இரண்டு வைத்திருக்கிறேன். லப்டொப்பை அதற்குள் போட்டு வாயை இரண்டு மடிப்பு மடித்துப் பைக்குள் வை. வெளிப்பை நனைந்தால் நனையட்டும். மருந்து சாம்பிள்களை நான் அப்படித்தான் காப்பாற்றினேன்.

இனி கரண்ட் விஷயம். இதில்தான் கடைக்காரர்கள் உன்னை ஏமாற்றுவார்கள், கவனமாக வாசி.

ஒரு கடைக்காரன் பவர் பேங்க் ஒன்றைக் காட்டி 50,000 மில்லி அம்பியர் மணி என்றான். உள்ளங்கை அளவுதான் இருந்தது. அட்டையில் இருக்கிற எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தால் வாட்-மணி வரும், அதாவது உள்ளே எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற கணக்கு. அவன் சொன்னது உண்மையென்றால் 185. விமானத்தில் 100 வாட்-மணி வரைக்கும் கேட்காமல் கொண்டுபோகலாம், 160 வரைக்கும் விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும், அதற்கு மேலே கிடையாது. ஆக, ஒன்றில் அந்த எண் பொய், அல்லது கட்டுநாயக்க விமான நிலையத்தில் அது குப்பைத் தொட்டிக்குப் போகும். 20,000 எடுத்தால் 74 வாட்-மணி. உன் லப்டொப் பற்றரி ஐம்பத்துச் சொச்சம் என்று நீயே சொன்னாய். வோல்ட் மாறும்போது சூடாகப் போகிறதைக் கழித்தால் ஒருதரம் கிட்டத்தட்ட முழுதாக ஏற்றலாம், அது போதும். லப்டொப்புக்கு ஏற்றும் வலு அதன் டைப்-சி வாயில் இருக்கிறதா என்றும் பார்த்தேன், சிலதில் போனுக்கு மட்டும்தான் வரும். இன்னொன்று, அதைக் கையோடுதான் கொண்டுபோக வேண்டும், பெரிய பெட்டியில் போட்டு அனுப்பக்கூடாது.

சார்ஜர் 65 வாட், காலியம் நைட்ரைட் வகை. சிலிக்கன் சார்ஜரைவிடச் சின்னது, சூடும் குறைவு. உன் பழைய லப்டொப் சார்ஜரை வயரோடு அம்மாவின் கேக் தராசில் போட்டேன், 410 கிராம். புதியது வயரோடு 190. போனுக்கும் அதுவே போதும், ஒரு சார்ஜர் குறைந்தது.

கேபிளுக்கு மட்டும் மூன்று கடை ஏறினேன். டைப்-சி முனை எல்லாம் ஒரே முகம், ஆனால் குணம் வேறு வேறு. சாதாரணமானது 3 அம்பியர், அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும். 5 அம்பியர் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும், அது சார்ஜரோடு பேசினால்தான் சார்ஜர் அதற்கு மேலே விடும். சார்ஜ் நன்றாக ஏற்றுகிற கேபிளில் படம் பெரிய திரைக்குப் போகாமலும் இருக்கலாம். 'எல்லாம் ஒண்டுதான் அங்கிள்' என்றான் முதல் கடைப் பெடியன். மூன்றாவது கடையில் 100 வாட் என்று முனையிலேயே அச்சடித்த கேபிள் கிடைத்தது. இரண்டு வாங்கினேன். கேபிள் மட்டும்தான் இரட்டையாக வேண்டும், மிச்சத்துக்கு மேலதிகம் வேண்டாம்.

பிளக் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறாய். சிங்கப்பூர்ச் சதுரக் கால் பிளக்கும் இங்கே இப்போது போடுகிற 13 அம்பியர் பிளக்கும் ஒன்றுதான், சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் இன்னும் வட்டக் கால் சொக்கற்தான், மலைநாட்டுப் பழைய பங்களாக்களிலும் அப்படி இருக்கும். அதற்கு ஒரு அடப்டர் வாங்கியிருக்கிறேன். சின்ன வயதில் நீ செய்ததுபோல, இரண்டு கால் பிளக்கை ஏற்றுவதற்கு 13 அம்பியர் சொக்கற்றின் மேல் துவாரத்தைப் பேனாவால் குத்தாதே. அங்கே எர்த் கால் போனால்தான் கீழ்த் துவாரங்களின் மூடி திறக்கும். பிள்ளைகள் கம்பி விடாமல் இருக்கச் செய்து வைத்த பூட்டு அது. நம் வீட்டில் அதைத் திறந்து பழக்கியதே நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மடக்கு விசைப்பலகை, லப்டொப் தாங்கி, கழுத்துத் தலையணை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு கிழமை இல்லாமல் இருந்து பார். கழுத்து நொந்தால் தாங்கியை மட்டும் வாங்கலாம். மடக்குக் கத்தியை விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். வயர் வைத்த இயர்போன் ஒன்று போடு, மீட்டிங் நடுவில் சார்ஜ் தீராது. மலைநாட்டு ரயிலில் போகிற நேரத்துக்கு மீட்டிங் வைக்காதே.

இனிச் சொல்லப்போவது உன் பட்டியலில் இல்லாத விஷயம். எது பையில், எது உடம்பில்?

தொண்ணூறுகளில் சோதனைச் சாவடி வந்தால் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிடுவார்கள். சாமான் பஸ்ஸிலேயே இருக்கும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போகவேண்டும். என்னிடம் அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் எப்போதும் இடது சட்டைப் பையில், ஊசி குத்தி. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெடியன் அட்டையைப் பைக்குள் விட்டுவிட்டு இறங்கிவிட்டான். 'பையில இருக்கு' என்று அவன் தமிழில் சொன்னான், நான் சிங்களத்தில் சொன்னேன். பஸ் அதற்குள் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. பஸ் திரும்ப வெளிக்கிட்டபோதும் அவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய பை எங்களோடு வந்தது.

அந்தக் காலம் போய்விட்டது, அடையாள அட்டை கேட்டு உன்னை யாரும் இறக்கப்போவதில்லை. ஆனாலும் கடவுச்சீட்டு, போன், இரண்டு வங்கி அட்டைகளில் ஒன்று, கொஞ்சக் காசு, இந்த நான்கும் உன் உடம்பில் இருக்கட்டும். மற்ற வங்கி அட்டையும் வேறு கம்பனி சிம் ஒன்றும் பையில். கந்தோர்க் கணக்கைத் திறக்கப் போனுக்கு இலக்கம் வரும் என்றாயே, போனே தொலைந்தால் என்ன செய்வாய்? அதற்கு மாற்று இலக்கங்கள் தருவார்கள். அவற்றைத் தாளில் எழுதி ஒரு பிரதியைக் கடவுச்சீட்டு உறைக்குள் வை, இன்னொன்றை அம்மாவிடம் கொடு.

ரெப்பாக இருந்த காலத்தில் ஒருதரம், குருணாகல் பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் என் பை பஸ்ஸோடு போய்விட்டது. சாம்பிள், ஓர்டர் புத்தகம், கண்ணாடி எல்லாம் போச்சு. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஓர்டர்களின் கார்பன் பிரதியைக் கொழும்புக்கு அனுப்புவது என் வழக்கம். அதனால் அந்தக் கிழமை ஓர்டர்கள் மட்டும்தான் தொலைந்தன. நீ கிளவுட் என்கிறாய், எனக்குத் தபால் கந்தோர். எதுவானாலும் இரவில் படுக்கமுதல் வேலை ஏறிவிட்டதா என்று ஒருதரம் பார்த்துவிடு.

அம்மா தன் பங்குக்கு ஒரு சித்தாலேப தைல டப்பி, பனடோல் ஒரு அட்டை, மெல்லிய துவாய், அரை டசின் சட்டை ஊசி எடுத்து வைத்திருக்கிறாள். ஊசி எதற்கு என்று சிரித்தேன். நேற்று இரவு சிம்மை மாற்ற என் போனின் தட்டைத் திறக்க முடியாமல் தவித்தபோது அவள்தான் ஒரு ஊசியை நீட்டினாள். ஆகவே ஊசியைப் பற்றி நான் இனி ஒன்றும் கதைக்கப்போவதில்லை.

பில்களை எல்லாம் வைத்திருக்கிறேன். ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகக் கடைக்காரன் சொன்னான். பை இன்னும் வாங்கவில்லை. கறுப்பும் சாம்பலும்தான் இருக்கிறது, சாம்பலில் ஒன்றே ஒன்று. எது வேண்டும் என்று இன்று இரவே சொல்லு, நாளைக்குக் காலையிலேயே போய்விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா