வயரா, சீடா: நீ கேட்டதற்கு

அன்புள்ள நிலா,

"கைக்குத் தட்டுப்படாத மார்பகக் கட்டிக்கு ஆபரேஷனுக்கு முன் அடையாளம் வைக்க எது நல்லது, வயரா சீடா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வயர் என்பது நுனியில் கொக்கியுள்ள மெல்லிய கம்பி, சீடு என்பது கட்டியில் விட்டுவைக்கும் சிறு அடையாளத் துண்டு. இவற்றில் எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி. அது கட்டிக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

வயரைப் பழசு என்று ஒதுக்கிவிடாதே. 1970களிலிருந்து கொக்கி வயர் புழக்கத்தில் இருக்கிறது. செலவு குறைவு, அடையாளத்தைத் தேட ப்ரோப் என்ற தனிக் கைக்கருவி தேவையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மேமோகிராமிலோ அல்ட்ராசவுண்டிலோ பார்த்தபடி ஊசியைக் கட்டி வழியாகச் செலுத்தி, உள்ளே வயரை விட்டு, ஊசியை உருவிவிடுவோம். கொக்கி கட்டியைத் தாண்டி ஏறக்குறைய 1 செ.மீ.யில் நிற்க வேண்டும். சில வயர்களில் கொக்கிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் தடிப்பாக இருக்கும். கட்டி அந்தத் தடிப்பின் மேல் அமையும்படி வைத்திருந்தால், நீ வெட்டிக்கொண்டு போகும்போது மெல்லிய கம்பி திடீரென்று விரலுக்குத் தடிமனாகப் படும். கட்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

மேமோகிராமில் வைக்கும்போது எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஆழம். தட்டு மார்பை அமுக்கியிருக்கும்போது திசு அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கிறது. ஊசி போகும் திசையிலேயே அமுக்கம் இருப்பதால், தட்டை எடுத்ததும் திசு ஊசி நெடுக விரிந்துகொள்ளும். ஆகவே ஊசியை முதலில் கட்டியைத் தாண்டியே இறக்கி, அமுக்கத்தை விட்டு, செங்குத்துக் கோணத்தில் இன்னொரு படம் எடுத்து, தேவையான அளவு பின்னுக்கு இழுத்த பிறகுதான் கொக்கியை விட வேண்டும். ஆழம் கூடினால் ஊசியைப் பின்னிழுத்துச் சரிசெய்யலாம். குறைவான ஆழத்தில் கொக்கியை விட்டுவிட்டால் வயர் கட்டிக்கு இப்பால் நின்றுவிடும். பின்னே இழுத்தாலும் கொக்கி வராது.

வயரின் மற்றத் தொல்லைகள் ஆபரேஷன் செய்யும் உன் பக்கம்தான் வரும். கொழுப்பு மிகுந்த மார்பில் கொக்கிக்குப் பிடிமானம் குறைவு. நோயாளியை டேபிளுக்கு மாற்றும்போதே நழுவலாம். கத்தரி பட்டு உள்ளேயே அறுந்துபோகலாம். திசுவைச் சுட்டு வெட்டும் காட்டரி கம்பியில் பட்டால் சூடு கம்பி வழியே தோலுக்குப் போகும். வயர் நுழைந்த இடம் கட்டிக்கு நேர்மேலே இருக்கும் என்று நம்பிக் கீறாதே, பல நேரம் வெகுதூரம் தள்ளியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், வைத்த அன்றே ஆபரேஷன் முடிந்தாக வேண்டும். எக்ஸ்ரே அறையில் தாமதமானால் தியேட்டர் முழுக்கக் காத்திருக்கும்.

சீடுகளின் பெரிய லாபம் இந்தக் கடைசி விஷயம்தான். நாள் கணக்கில் முன்னதாகவே வைத்துவிடலாம், வெளியே எதுவும் துருத்திக்கொண்டு இராது. அயோடின்-125 சீடு 4.5 மி.மீ. டைட்டானியம் துண்டு, 18 கேஜ் ஊசியில் போகும் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமன்). அரை ஆயுள் சுமார் 60 நாள். அதன் காமா கதிர் 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட், புற்று முதலில் பரவக்கூடிய சென்டினல் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடிக்கப் போடும் கதிரியக்க டெக்னீஷியத்தினுடையது 140. அதனால் ஒரே ப்ரோபில் இரண்டையும் பிரித்துக் கேட்கலாம். ஆனால் டெக்னீஷியத்தைச் சீடுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் அதன் சிதறல் அயோடின் சேனலிலும் வந்து குழப்பும். கதிரியக்கப் பொருள் என்பதால் ஒவ்வொரு சீடுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். சக்‌ஷன் குழாய்க்குள் போய்விட்டால் அன்றைய பொழுது அதைத் தேடுவதிலேயே போகும்.

காந்த சீடில் கதிரியக்கச் சிக்கல் இல்லை. அதற்குப் பதில் இரும்புக் கருவிகளோடு சண்டை. ப்ரோப் வைக்கும்போது காயத்தை விரித்துப் பிடிக்கும் சாதாரண ரிட்ராக்டரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கில் செய்ததைப் பிடி. மார்பு மிகப் பெரிதாகவும் கட்டி மிக ஆழமாகவும் இருந்தால் வெளியிலிருந்து சிக்னல் வராமல் போகலாம். கீமோவுக்கு முன்பே வைத்தால் பிறகு எடுக்கும் எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் பல செ.மீ. கறுப்பாகிவிடும், கட்டி சுருங்கியதா என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் பிரதிபலிப்பான் எவ்வளவோ மேல், அது எம்ஆர்ஐயைக் கெடுப்பது மிகக் குறைவு. அதிலும் குறை உண்டு: இரத்தக்கட்டுக்குள் சிக்கினால் அதை இயக்கும் அகச்சிவப்பு ஒளி எட்டாது, காட்டரி நேராகப் பட்டால் செத்துப்போகும், நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு வைக்கக்கூடாது. ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி டேக் என்றால் ப்ரோப் தூரத்தை மி.மீ.யில் காட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்பதால் இரண்டு கட்டி இருந்தால் வசதி. ஊசிதான் தடிமன், 12 கேஜ்.

எந்த சீடானாலும் ஒன்று நினைவில் வை. கொக்கியை விடாதவரை வயர் ஊசியைத் திருத்தலாம். சீடு ஊசியை விட்டு வெளியே வந்துவிட்டால் திருத்த வழியில்லை, பக்கத்தில் இன்னொன்று வைக்க வேண்டியதுதான்.

மார்ஜின் விஷயத்தில், அதாவது எடுத்த திசுவின் ஓரத்தில் புற்று எஞ்சாமல் இருப்பதில், சீடு அதிசயம் செய்யும் என்று விற்பனைக்காரர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வா. 305 பேரை வைத்து நடந்து 2011இல் வெளியான கனடிய ஆய்வில், கதிரியக்க சீடுக்கும் வயருக்கும் மார்ஜினில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆபரேஷன் நேரமும் வைக்கும்போது வரும் வலியும்தான் குறைந்தன.

அல்ட்ராசவுண்டில் தெரியும் கட்டி என்றால், நீயே தியேட்டரில் அல்ட்ராசவுண்ட் ப்ரோப் பிடிக்கக் கற்றுக்கொள் என்பது என் கட்சி. 2013இல் வந்த நெதர்லாந்து ஆய்வில், கைக்குத் தட்டுப்படும் புற்றுக்கட்டிகளிலேயே அல்ட்ராசவுண்ட் பார்த்து எடுத்தபோது மார்ஜினில் புற்று எஞ்சியது 3 சதவீதம், கையால் தடவி எடுத்தபோது 17. ஆனால் கட்டியாகத் திரளாத சுண்ணாம்புத் துகள்கள் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. அவை அகலமாகப் பரவியிருந்தால் இரு ஓரங்களிலும் ஒவ்வொரு வயரோ சீடோ வைத்து எல்லை கட்டச் சொல்.

இன்னொன்று, பயாப்சி கிளிப், அதாவது பயாப்சி எடுத்த இடத்தில் அடையாளமாக விட்டுவைக்கும் சிறு உலோகத் துண்டு. அது கட்டியிலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதே, நகர்ந்திருக்கலாம். கிளிப்பைக் குறிவைக்கிறோமா, மிச்சத் துகள்களையா என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் முன்பே கேட்டுவிடு.

கேஸ் அன்று காலையில் வயர் வைத்தபின் எடுத்த இரண்டு படங்களையும் பார்க்காமல் கை கழுவப் போகாதே. நின்றுகொண்டு எடுத்த மேமோகிராமில் மேலே தெரிந்தது, மல்லாந்து கையை விரித்துப் படுத்ததும் பக்கவாட்டில் சரிந்திருக்கும். எடுத்த திசுவுக்குத் திசை காட்டும் நூல் போட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பு. கட்டி, கிளிப், வயர் நுனி அல்லது சீடு எல்லாம் படத்தில் இருக்கின்றன என்று போனில் பதில் வரும்வரை தையலுக்குக் கை நீட்டாதே.

அன்புடன்,
அம்மா