களவு போன பிறகு கூடுகிற சங்கங்கள்

ஆசிரியருக்கு,

ஒழுங்கையில் ஒரு வீட்டில் களவு போய்விட்டால் அன்று பின்னேரமே அயலட்டை முழுக்கக் கூடிவிடும். இளைஞர்கள் பொல்லும் ரோச்சுமாக இரவுக் காவலுக்குப் பெயர் கொடுப்பார்கள். முதல் நாள் இருபது பேர், நான்காம் நாள் ஐந்து பேர், இரண்டாம் கிழமை நாய் மட்டும்தான் முழித்திருக்கும். மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கத்திலும் இது தெரிந்த கதைதான். பகலில் செய்யவேண்டிய வேலைகள் அப்படியே கிடக்க, இரவில் மட்டும் பாதுகாப்பைத் தேடினால் வேறு எப்படி முடியும்?

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று ஊருக்குள் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நகரப்புறத்துக் கிராம உத்தியோகத்தர் பிரிவொன்றில் பல நூறு குடும்பங்கள் இருக்கும். அத்தனை பேரையும் ஒரு செயலாளர் முகம் பார்த்து அறிய முடியாது. பாதுகாப்புக்குச் சரியான அளவு ஒரு ஒழுங்கை. கூடினால் நாற்பது வீடு. அதற்காகப் புதுச் சங்கம் பதிய அலையவும் தேவையில்லை. இருக்கிற கிராம அபிவிருத்திச் சங்கத்தின் உபகுழு என்று கூட்டறிக்கையில் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டால் கடிதத் தலைப்பும் முத்திரையும் கைக்கு வரும். வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் வைப்பது பெரிய பிழை; அவர்களுக்கும் கதவு உண்டு, கண்ணும் உண்டு. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைப்பது அதைவிடப் பிழை. பகல் பத்து மணிக்கு ஒழுங்கையில் யார் வந்தார், யார் போனார் என்று தெரிந்தவர்கள் வீட்டிலிருக்கும் பெண்கள். அவர்கள் அந்த நேரத்துக்கு வரமாட்டார்கள். ஞாயிறு பின்னேரம் 4.30 மணிக்கு, முக்கால் மணித்தியாலம் போதும்.

சந்தா வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் என்றால் நாற்பது வீட்டுக்கு 4,000 ரூபாய். சிறு தொகைதான், ஆனாலும் சங்கம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரே ஆள் வீடு வீடாகப் போய் வாங்குவார், பற்றுச்சீட்டு இராது, மூன்றாம் மாதம் பாதி வீடு நின்றுவிடும். காபன் பிரதி உள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம், இருவர் கையொப்பத்தில் வங்கிக் கணக்கு, மாத முடிவில் வரவு செலவை ஒரு தாளில் எழுதிச் சந்திக் கடையில் ஒட்டுதல். இந்த மூன்றும் இருந்தால் காசுக் கதை எழாது.

இனி வெளிச்சம். மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு பேர் கொப்பியும் பேனையுமாக ஒழுங்கையின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கல் வரை நடக்க வேண்டும். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, அதற்கு நேரே என்ன பழுது என்று எழுத வேண்டும்: எரியவில்லை, விட்டு விட்டு எரிகிறது, பகலிலும் எரிகிறது, கிளை மறைக்கிறது. 'எங்கள் வீதியில் லைட் இல்லை' என்ற முறைப்பாட்டை வைத்துக்கொண்டு எந்த ஊழியரும் ஏணியோடு வந்து எந்தக் கம்பத்தில் ஏறுவது? பகலிலும் எரிந்தால் பெரும்பாலும் பொழுது பட்டதை உணரும் சிறு சுவிட்ச் பழுதாகியிருக்கும். கொஞ்ச நேரம் எரிந்து, அணைந்து, திரும்ப எரிந்தால் பக்கத்துக் கிளையிலோ வெள்ளை மதிலிலோ பட்டுத் திரும்பும் சொந்த வெளிச்சத்தையே அந்தச் சுவிட்ச் விடியல் என்று நினைக்கிறது. கிளையென்றால் அதை வெட்டினாலே சரியாகிவிடும். கல்லடி, திருக்கோவில் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இணைப்புகளைத் தின்றுவிடும். அங்கே பல்பை மட்டும் மாற்றினால் திரும்பவும் கெடும் என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடலாம். வீதி விளக்குக்குக் கடிதம் மாநகர சபைக்கு அல்லது பிரதேச சபைக்கு, இரண்டு பிரதி, நமது பிரதியில் திகதி முத்திரை. கம்பியில் உரசும் கிளைக்கு மின்சார முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1987. அதை வெட்ட நம்மில் யாரும் மரத்தில் ஏறக்கூடாது.

சபை வரும்வரை இருட்டில் இருக்கவும் வேண்டாம். கேற்றுக்கு மேலே 7 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று இரவு முழுக்க, பன்னிரண்டு மணித்தியாலம் எரிந்தாலும் மாதம் இரண்டரை அலகுதான். பல்பு கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். வீதியைப் பார்த்துக் கண்ணில் அடிக்கும் பெரிய விளக்குக்குப் பின்னால் ஆள் நின்றால் தெரியாது. அது கள்வனுக்குத்தான் உதவி.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடு ஒருபக்கம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம், கொக்கட்டிச்சோலைத் தேர், கதிர்காம யாத்திரை என்று வீடே திரண்டு போகும் நாட்கள் இன்னொரு பக்கம். வேளாண்மை வெட்டுக்காலத்தில் ஆண்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் வாடியில். இந்த நாட்காட்டி நமக்குத் தெரிவதுபோலக் கள்வனுக்கும் தெரியும். நமது மணல் முற்றம் அவனுக்குப் பத்திரிகை மாதிரி. தினமும் விளக்குமாற்றுக் கோடு விழுகிற முற்றத்தில் மூன்று நாள் வேப்பஞ்சருகு கிடந்தால் வீட்டில் ஆளில்லை. கேற்றில் சங்கிலி வெளிப்பக்கமாகப் பூட்டியிருந்தாலும் அதே செய்திதான். ஆகவே வெளியூர் போகிறவர் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டியது முற்றத்தைக் கூட்டிவிடுவதும், பின்னேரம் லைட்டைப் போட்டுக் காலையில் அணைப்பதும். பகலெல்லாம் எரியும் லைட் 'யாருமில்லை' என்று ஊருக்கே சொல்லும். அலவாங்கு, மண்வெட்டி, ஏணி மூன்றையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். கிணற்றடியில் சாத்தியிருக்கும் நமது அலவாங்காலேயே நமது பின்கதவைத் திறப்பார்கள். பின்கதவைப் பாருங்கள்: பூட்டுத் தொங்கும் தகடு சிறிய திருகாணியில் நிற்கும். விலையுயர்ந்த பூட்டு அசையாது, தகடு கழன்று வரும். தகட்டைக் கதவை ஊடறுத்துப் போகும் போல்ட்டால் முடுக்கி, சுரையை உட்பக்கம் போட வேண்டும். ஹாட்வெயார் கடையில் அந்தப் போல்ட்டின் விலை பூட்டின் விலையில் ஒரு துளி.

காவல் வேண்டுமென்றே முடிவெடுத்தால் ஆண்டு முழுக்க நிற்க வேண்டாம். திருவிழாவும் அறுவடையும் வரும் கிழமைகளுக்கு மட்டும் நின்றால் ஆட்கள் களைக்கமாட்டார்கள். இருவர் இருவராக, இரண்டு மணித்தியால முறை. பெயர்ப்பட்டியலின் ஒரு பிரதி பொலிஸ் நிலையத்தில். கையில் ரோச்சும் விசிலும் போதும், பொல்லு வேண்டாம். குடித்துவிட்டு வருபவரை வீட்டுக்கு அனுப்புங்கள். ஆளைப் பிடித்தால் என்ன செய்வது என்பதை முதலே பேசி வைப்பது நல்லது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவு பொதுமகன் ஒருவர் கைது செய்ய இடம் தருகிறது. ஆனால் பொலிஸ் பிடியாணையின்றிப் பிடிக்கக்கூடிய குற்றம் அவர் கண்முன்னால் நடந்திருக்க வேண்டும், அல்லது அப்படிச் செய்தார் என்று நியாயமாகச் சந்தேகிக்கப்படுபவர் தப்பி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமின்றிப் பொலிஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். கட்டி வைத்து அடிப்பதற்கு அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. அடித்தால் களவு வழக்கு பின்னுக்குப் போய், அடித்தவர் முன்னுக்கு வருவார்.

வதந்தியும் ஒரு ஆபத்துத்தான். 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்று, கிறீஸ் பூதம் என்ற பெயரில் கிழக்கு முழுக்கக் கிளம்பிய பீதியை யாரும் மறந்திருக்க முடியாது. அன்று வாய்வழி பரவியதை இன்று வட்ஸ்அப் ஒரு நிமிடத்தில் பரப்பும். ஒழுங்கைக் குழுமத்தில் ஒரு செய்தி போட்டால் நேரம், இடம், தன் கண்ணால் கண்டது, எழுதியவர் பெயர் என்ற நான்கும் இருக்க வேண்டும். வேறு குழுமத்திலிருந்து வந்ததை இங்கே தள்ளக்கூடாது. சந்தேகநபர் என்று யாருடைய படத்தையும் போடக்கூடாது. தமிழ், முஸ்லிம் ஒழுங்கைகள் முதுகோடு முதுகாக இருக்கும் இடங்களில் கோவில் நிர்வாகியான வண்ணக்கரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடமும் ஒருவர் இலக்கம் மற்றவரிடம் இருக்கட்டும். ஒரு அழைப்பில் அடங்குகிற கதைகள் பல.

கமரா பூட்டுகிறார்கள், நல்லது. அது ஒழுங்கையைப் பார்க்கட்டும். பக்கத்து வளவுக் கிணற்றடியைப் பார்த்தால் சங்கமே இரண்டுபடும். இரவில் கமராவின் ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கண்ணாடியை மறைக்கும். கிழமைக்கொருமுறை ஈரத்துணியால் துடைக்க ஒருவர் வேண்டும். மின்தடைக்குப் பிறகு கடிகாரம் சரியா என்று பாருங்கள். பிழையான திகதியுள்ள காட்சியை வைத்துப் பொலிஸில் விளக்கம் சொல்வது கஷ்டம். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும் என்பதால் சம்பவம் நடந்த அன்றே பிரதி எடுக்க வேண்டும்.

வடிகானைப் பற்றி ஒரு சொல். சிரமதானத்தை மழை தொடங்கியபின் வைக்காமல் ஒக்டோபருக்குள் வைத்து, அள்ளிய மண்ணை அன்றே ஏற்றிவிட வேண்டும். கான் ஓரத்தில் குவித்தால் முதல் மழையில் திரும்பவும் உள்ளே போகும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு கிழமை எடுப்பதால் வளவுச் சோதனையும் கிழமைக்கொருமுறை. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், உரஞ்சிக் கழுவ வேண்டும். பாவிக்காத கிணறுகளுக்கு வலை போடுங்கள், அல்லது மீன் விடுங்கள்.

கடைசியாக ஒரு பலகை. நமது ஒழுங்கைகளில் பலவற்றுக்கு வாயிலில் பெயர் கிடையாது, பல வீடுகளில் இலக்கமும் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் சந்திக்கு வந்துவிடும். அதன் பிறகு தொலைபேசியில் 'பெரிய வேம்புக்குப் பக்கத்தில் திரும்புங்கள்' என்று இரவு இரண்டு மணிக்கு வழி சொல்லிக்கொண்டிருப்போம். இரவில் மினுங்கும் வண்ணத்தில் ஒழுங்கைப் பெயர்ப் பலகை ஒன்றும், ஒவ்வொரு கேற்றிலும் வரி மதிப்பீட்டு இலக்கமும் சங்கத்தின் முதல் செலவாக இருக்கலாம். அதே பலகையின் அடியில் பொலிஸ் அவசர இலக்கம் 119, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவத்தின் 117, உள்ளூர்ப் பொலிஸ் நிலைய இலக்கம். படுக்கையில் இருக்கும் முதியோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் உள்ள வீடுகளின் பட்டியல் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும், பலகையில் வேண்டாம்.

மாநகர சபைகளிடமும் பிரதேச சபைகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீதி விளக்கு முறைப்பாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடரிலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்துக்கு நேரே வேலை முடிந்த திகதியை வாயிற்பலகையில் எழுதி வையுங்கள். ஒரு கடிதத்துக்காக எங்கள் செயலாளர்கள் மூன்றுமுறை லீவு போட்டு வரவேண்டியிருக்காது.

இங்ஙனம்,
ஒழுங்கைக் குழுச் செயலாளர் ஒருவர்,
மட்டக்களப்பு.