மண்ணைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்பதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். என் முழங்கால் வலி குறைந்துவிட்டது. காலை நடையும் பழையபடி தொடங்கிவிட்டது.

புது வீட்டின் பின்புறம் ஓர் ஓக் மரம் வைக்கப்போகிறாய் என்று படித்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இலையுதிர் காலத்தில் செக்கச் சிவக்கும் வகை வேண்டும் என்கிறாய். நியாயமான ஆசைதான். ஆனால் நிறத்துக்கு முன்னால் மண்ணைப் பார், சேகர். நர்சரியில் உனக்குக் காட்டிய ‘பின் ஓக்’ (pin oak) என்ற வகை வேகமாக வளரும். அதன் வேர்கள் மேலாகப் படர்வதால் பெயர்த்து நட்டாலும் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஈரமண்ணையும் தாங்கும். விற்பவர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. அதற்கு வேண்டியது அமில மண். காரமண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகிவிடும். நாளடைவில் கிளை நுனிகள் காயத் தொடங்கும். இரும்புச் சத்தை மரத்துக்குள் செலுத்தினால் கொஞ்ச காலம் பசுமை திரும்பும், பிறகு பழைய நிலைதான். அதனால் வாங்குவதற்கு முன்பே மண்ணின் அமில-கார அளவை, அதாவது பி.எச். அளவைப் பரிசோதித்துவிடு. 7-க்கு மேல் இருந்தால் அது காரமண், பின் ஓக் வேண்டவே வேண்டாம்.

அப்படிப்பட்ட மண்ணுக்கு நான் சொல்வது பர் ஓக். காரத்தையும் வறட்சியையும் தாங்கும், ஆணிவேர் ஆழமாக இறங்கும். ஆனால் உயரத்துக்கு ஈடாக அகலத்திலும் விரியும் மரம் அது. 70, 80 அடி இடம் இல்லாவிட்டால் நினைக்காதே. மழைநீர் தேங்கும் மூலை என்று எழுதியிருந்தாயே, அங்கே மண்ணில் காரம் அதிகமில்லாவிட்டால் சுவாம்ப் ஒயிட் ஓக் நன்றாக வரும். இறுகிய மண்ணிலும் சமாளிக்கும்.

இன்னொன்று. இலை மடல்களின் நுனி உருண்டையாக இருந்தால் அது வெள்ளை ஓக் வகை. நுனியில் முள் போன்ற இழை நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் வகை. பூஞ்சையால் வரும் ஓக் வாடல் நோய் தாக்கினால் சிவப்பு வகை மரங்கள் சில வாரங்களிலேயே பட்டுப்போய்விடும். வெள்ளை வகை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். நான் சொன்ன பர் ஓக், சுவாம்ப் ஒயிட் ஓக் இரண்டும் வெள்ளை வகைதான். சிவப்பு நிறம் அவற்றில் அவ்வளவாகக் கிடைக்காது, உண்மைதான். இருந்தாலும் உன் பேத்தியின் பேரப்பிள்ளைகள் வரை நிற்கப்போகிற மரத்துக்கு நோய் தாங்கும் சக்திதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. எந்த வகையானாலும் கிளை வெட்டுவதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் வெட்டினால், பச்சைக் காயத்தைத் தேடி வரும் வண்டுகள் அந்தப் பூஞ்சையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

பெரிய மரமாக வாங்கி நடும் யோசனையையும் விட்டுவிடு. பெயர்க்கும்போது அறுபடும் வேரை மீட்கவே அதற்குப் பல ஆண்டுகள் போய்விடும். சிறிய கன்று அதற்குள் எட்டிப் பிடித்துவிடும்.

மண் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. வீட்டுச் சுவரிலிருந்து அந்த மூலை எத்தனை அடி என்பதையும் அளந்து சொல்.

அன்புடன்,
ராமு