பழைய இதழ்களைத் தேடலுக்குத் திறந்துவிடுங்கள்

தமிழ் இணைய இதழ்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கைக்காசைப் போட்டு, வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து இதழ் நடத்துகிறீர்கள். ஆனால் நீங்கள் வெளியிட்ட நல்ல நேர்காணல்களையும் மொழிபெயர்ப்புக் கதைகளையும் முழுத் தலைப்பைத் தட்டித் தேடினாலும் பல நேரங்களில் கூகுளில் காண முடிவதில்லை. "தமிழென்றால் கூகுள் இப்படித்தான்" என்று சலித்துக்கொள்கிறோம். சில இதழ்களின் தளங்களைச் சரிசெய்ய உதவியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் பார்த்தவரை பெரும்பாலான தடைகள் நம் தளங்களுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை நீக்க உங்களால் முடியும்.

எல்லாவற்றிலும் பெரியது எழுத்துருச் சிக்கல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய பக்கங்கள் பாமினி, திஸ்கி, தாப், தாம் என்று ஆளுக்கொரு முறையில் கிடக்கின்றன. பாமினியில் திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவே. தேடுபொறி உருவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டைப் படிக்கிறது. பிறகு 'தமிழ்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கத்தை எப்படிக் காட்டும்? தமிழக அரசே 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது. "சரியாகத் தெரிய எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்ற வரியுடன் இன்னும் பக்கங்கள் இருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கட்டுரையின் நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், கருவி அவற்றையும் தமிழென்று எண்ணிப் பொருளற்ற எழுத்துக் குவியலாக்கிவிடும். மாற்றிய பின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். பழைய எழுத்துருவில் வடிவமைத்துப் பிடிஎஃப் ஆக்கிய இதழ்களும் இதே போலத் தேடலில் சிக்குவதில்லை.

அடுத்தது, வழி இல்லாத பக்கங்கள். ஆண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால்தான் பழைய இதழ் திறக்கும் என்று பல தளங்களை அமைத்திருக்கிறீர்கள். தேடுபொறியின் நிரல் பக்கத்துக்குப் பக்கம் இணைப்புகளைப் பின்தொடர்ந்து போகும். உங்கள் படிவத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லா இதழ்களுக்கும் நேரடி இணைப்புள்ள ஒரு சாதாரண உள்ளடக்கப் பக்கம் போதும். கட்டுரைப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இதழின் பெயரையே தலைப்பாக வைத்திருப்பதையும் மாற்றுங்கள். ஒவ்வொன்றிலும் கட்டுரையின் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கட்டும்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் நடத்துவோர் இன்றே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வாசிப்பு அமைப்புகளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தை அட்டவணைப்படுத்த (தேடல் பட்டியலில் சேர்க்க) வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு கட்டம் உண்டு. தளத்தை உருவாக்கும்போது அதில் குறியிடுவார்கள். திறப்பு விழா முடிந்த பிறகும் குறி அப்படியே நின்றுவிடுவதுண்டு.

தளத்தைப் புதுப்பிக்கும்போது நேரும் இழப்புக்கு மன்னிப்பே கிடையாது. பழைய முகவரிகள் ஒரே நாளில் செத்துப்போகின்றன. ஆய்வேடுகளின் அடிக்குறிப்பில் இருந்த முகவரி, பிற தளங்கள் கொடுத்திருந்த இணைப்பு, தேடுபொறி சேர்த்துவைத்திருந்த மதிப்பு, எல்லாம் போயிற்று. ஒவ்வொரு பழைய முகவரியும் அதே கட்டுரையின் புதிய முகவரிக்கு, 301 என்னும் நிரந்தர மாற்றக் குறியுடன் போய்ச் சேரவேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது தீர்வாகாது. வடிவமைப்பாளரிடம் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

"முதல் இடத்துக்குக் கொண்டுவருகிறோம்" என்று தொலைபேசியில் அழைப்பவர்களை நம்பாதீர்கள். கூகுளில் விளம்பரத்துக்கு விலை உண்டு. விளம்பரமல்லாத தேடல் முடிவில் இடம் விலைக்குக் கிடைக்காது. நான் சொன்னவற்றை எல்லாம் செய்த பிறகும் ஒவ்வொரு பக்கத்தையும் தேடல் பட்டியலில் சேர்ப்பதாகக் கூகுள் உறுதி தருவதில்லை. எந்தப் பக்கம் சேர்ந்தது, எது ஏன் சேரவில்லை என்பதைத் தள உரிமையாளர்களுக்கான கூகுளின் சர்ச் கன்சோல் சேவை இலவசமாகக் காட்டும். உங்களில் எத்தனை பேர் அதில் தளத்தைப் பதிந்திருக்கிறீர்கள்?

ஒரே ஓர் இதழில் தொடங்குங்கள். மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகள் உள்ள இதழாக அது இருக்கட்டும். வேறிடத்தில் மறுவெளியீடு செய்ய அவர்களால் முடியாது. மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்று வாசகர்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நானும் வருகிறேன். சரிசெய்த பக்கங்களின் முகவரிகளைத் தளவரைபடக் கோப்பில் (தேடுபொறிக்காக வைக்கும் முகவரிப் பட்டியலில்) சேர்த்துச் சர்ச் கன்சோலில் கொடுத்துவிட்டு, அடுத்த இதழை எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்