கோழி சாகத் தொடங்கினால் முதலில் பண்ணை வாசலைப் பூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோழிப்பண்ணையில் நோய் என்று உங்கள் நாளிதழில் செய்தி வரும்போது எத்தனை கோழி செத்தது, எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. நோய் தெரிந்த அன்றைக்குப் பண்ணைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் வருவதில்லை. கோழி வளர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு கொட்டகையில் சாவு ஆரம்பித்ததும் பலர் செய்கிற முதல் காரியம், பக்கத்துக் கொட்டகையில் தெளிவாக நிற்கும் கோழிகளை அவசர அவசரமாகப் பிடித்து வண்டியில் ஏற்றுவது. செத்து விழுவதற்குள் காசாக்கிவிடலாம் என்ற தவிப்பு புரிகிறது. கடன் வாங்கிக் குஞ்சு இறக்கியவருக்கு வேறு என்ன தோன்றும்? ஆனால் வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கேட் நோயில், கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரியவே பெரும்பாலும் 5, 6 நாள் ஆகும், சில நேரம் 15 நாள் வரைகூட இழுக்கும். அந்த இடைவெளியில் கோழி நன்றாகத் தீவனம் எடுக்கும், அதே சமயம் எச்சத்திலும் மூச்சிலும் கிருமியை வெளியேற்றத் தொடங்கியிருக்கும். அதை ஏற்றிய வண்டி, கூண்டு, பிடிக்க வந்தவர்களின் செருப்பு, எல்லாமே அடுத்த பண்ணைக்குப் போகிறது. நோய் பறந்து வந்துவிட்டது என்று காகத்தையும் கொக்கையும் திட்டுகிறோம், அவற்றுக்கும் பங்கு உண்டுதான், ஆனால் நாமே வண்டி வைத்து அனுப்புவது அதைவிட அதிகம் என்பது என் கருத்து.

அதனால் வாசலைப் பூட்டுவதுதான் முதல் வேலை. கோழி, முட்டை, எரு, காலி தீவனச் சாக்கு எதுவும் வெளியே போகக் கூடாது. காகித முட்டை அட்டையைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, எரித்துவிடுங்கள். நோய்ப்பட்ட கொட்டகைக்குத் தனி ஆள் வேண்டும், ஆள் இல்லையென்றால் நல்ல கொட்டகை வேலையை முடித்துவிட்டு, கடைசியாக அங்கே போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. கால் நனைக்கும் தொட்டி பல பண்ணைகளில் பெயருக்குத்தான் இருக்கிறது. இறகும் எச்சமும் மிதந்து கறுத்துப்போன தண்ணீரில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. முதலில் பிரஷ்ஷால் செருப்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் மருந்துத் தண்ணீரில் கால் வைக்க வேண்டும், தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

அடுத்தது, என்ன நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்றுவது. கண்ணில் பட்ட ஆன்டிபயாடிக்கை எல்லாம் தண்ணீரில் கலக்கிறார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது. பின்னாலேயே வரும் பாக்டீரியா தொற்றுக்கு உதவலாம், அதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ராணிக்கேட்டில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், பச்சையாகக் கழியும், அறுத்துப் பார்த்தால் இரைப்பையின் உட்சுவரில் ஊசியால் குத்தியதுபோல ரத்தப் புள்ளிகள் தெரியும். கம்போரோ என்கிற இன்னொரு வைரஸ் நோய் பெரும்பாலும் 3 முதல் 6 வாரக் குஞ்சுகளைத்தான் பிடிக்கும், தொடைச் சதையில் ரத்தத் திட்டு இருக்கும். இவை குறிப்புகள்தான், முடிவு ஆய்வகத்தில்தான் தெரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கொண்டை நீலம் பாய்ந்து, முகம் வீங்கி, ஒரே நாளில் கூட்டமாகச் செத்தால் பண்ணையில் வைத்து நீங்களாக அறுக்கவே கூடாது. பறவைக் காய்ச்சலாக இருந்தால் அது மனிதரையும் தாக்கும். முகக்கவசம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தடுப்பூசி போட்டும் வந்துவிட்டது என்கிற புலம்பலை நிறையக் கேட்கிறேன். போட்ட விதத்தைக் கேட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். உயிருள்ள தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஐஸ் உருகிய பையில் வெயிலில் அலைந்து வந்தால் குப்பியில் இருப்பது வெறும் தண்ணீர்தான். குளோரின் கலந்த தண்ணீரில் அதைக் கொடுப்பதும் வீண். குளோரினை ஒரு நாள் முன்பே நிறுத்தி, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, 2 மணி நேரத்துக்குள் எல்லாக் கோழியும் குடித்து முடிக்கிற அளவு மட்டும் கொடுக்க வேண்டும். நோய் வந்த பிறகு நல்ல கொட்டகைகளுக்கு அவசரத் தடுப்பூசி போடலாமா என்பது நோயைப் பொறுத்தது, மருத்துவரைக் கேட்காமல் ஒரே ஊசியை எடுத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போனால் ஊசியே நோயைப் பரப்பும்.

செத்ததை வாய்க்காலிலோ வேலி ஓரத்திலோ வீசுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. நாய் தோண்ட முடியாத ஆழத்தில், கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கொட்டகை காலியானதும் உடனே அடுத்த குஞ்சை இறக்காதீர்கள். கம்போரோ கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கூளத்தில் ஓடும் கறுப்பு வண்டு அதைச் சுமந்து வைத்திருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட மறைக்கிறார்கள். அதற்குப் பயம்தான் காரணம். சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்கள், கையில் எதுவும் மிஞ்சாது என்கிற பயம். பல நாடுகளில் இழப்பீடு என்பது அரசு அழிக்கிற கோழிக்குத்தான், அதற்கு முன்பே செத்ததற்கு இல்லை. அதாவது தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் பண்ணைக்காரருக்குத்தான் நஷ்டம். இழப்பீடு இழுத்தடிக்காமல் கையில் கிடைத்தால் மறைப்பவர்கள் குறைவார்கள், இதை அரசுகள் புரிந்துகொள்ள வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிச் செய்தி போடும்போது, செத்த கோழிகளின் படத்துக்குப் பக்கத்தில் அருகிலுள்ள கால்நடை நோய் ஆய்வகத்தின் தொலைபேசி எண்ணையும், மாதிரியை எப்படி எடுத்து வர வேண்டும் என்பதையும் நாலு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோழிப்பண்ணையாளர்