உளிமேல் பழி போடாதே

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மரம் கடையும் லேத் வாங்கிய சூட்டிலேயே மூன்று மரப்பேனா முடித்துவிட்டாய், உன் அவசரம் இன்னும் மாறவில்லை! ஒன்றில் நடு வளையத்தருகே மரமும் உலோகமும் சமமாகச் சேராமல் விரலில் தட்டும் ஒரு படி, இன்னொன்றில் நீளவாக்கில் விரிசல், மூன்றாவதில் ரீஃபில் முனை சரியாக வெளியே வரவில்லை என்கிறாய். உனக்கு உளி பிடிக்கத் தெரியவில்லை என்று முடிவும் கட்டிவிட்டாய். எனக்கு உளிமேல் சந்தேகமே இல்லை. ஸ்லிம்லைன் என்னும் இந்த மெல்லிய பேனா வகையில், மரத்தைத் துளைத்து உள்ளே ஒட்டும் 7 மி.மீ. பித்தளைக் குழாயின்மேல் கடைசியில் மிஞ்சும் மரம், முனைகளில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவ்வளவு மெல்லிய தோலில் தெரியும் குறை பெரும்பாலும் துளையிலும் பசையிலும் லேத்தில் மாட்டும் விதத்திலும் தொடங்கியதாகவே இருக்கும்.

முதலில் அந்தப் படி. பேனாவை விரல்களுக்கிடையே உருட்டிப் பார். சுற்றிலும் ஒரே அளவில் தட்டினால், உப்புத்தாளால் அதிகம் தேய்த்துவிட்டாய், அல்லது மரத்தின் இரு முனையிலும் அளவுக்காக மாட்டும் உலோக வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் தட்டி எதிர்ப்பக்கம் வழவழப்பாக இருந்தால், மரத்தைக் கோர்த்துச் சுழற்றும் கம்பியான மாண்ட்ரல் வளைந்தபடி சுற்றியிருக்கிறது. அதன் நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினாலோ லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கை அழுத்தி வைத்தாலோ அந்த மெல்லிய கம்பி நடுவில் வில்லாக வளையும். மரம் அச்சு விலகிக் கடையப்படும். நட்டுக்கு விரல் இறுக்கம் போதும். டெயில்ஸ்டாக்கும், அதன் சுழலும் முனையான லைவ் சென்டர் கூடவே சுற்றும் அளவுக்குத் தொட்டால் போதும். அந்த சென்டர் 60 டிகிரி கூம்பாக இருக்க வேண்டும். மரக்கடைசலுக்கு வரும் கூர்முனை சென்டர் மாண்ட்ரல் முனையில் சரியாக உட்காராது. மாண்ட்ரலையே விட்டுவிட்டு, இரு சென்டர்களுக்கு நடுவே புஷ்களை நேரடியாக வைத்து மரம் ஒட்டிய ஒவ்வொரு குழாயாகக் கடைவது இன்னும் நல்லது. நேரம் கூடும், ஆனால் வளைய அங்கே எதுவும் இல்லை.

விரிசலுக்குக் காரணங்கள் பல. நீ எடுத்தது கருங்காலி என்பதால் முதலில் துளையிடும் சூட்டைத்தான் பார்ப்பேன். மரத்தை லேத்தின் பிடிப்பானான சக்கில் பிடித்து, டிரில் பிட்டை டெயில்ஸ்டாக்கில் மாட்டி, நிமிடத்துக்கு 600 சுற்று அளவில் மெதுவாகத் துளை. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டை முழுதாக வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிடு. தூள் அடைந்தால் பிட் சூடாகும், மரம் உள்ளிருந்தே வெடிக்கும். அந்தக் கோடு அப்போது கண்ணுக்குத் தெரியாது, பாலிஷ் ஏறிய பிறகுதான் சிரிக்கும். மறுமுனையில் பிட் வெளியேறும்போது சில்லு பெயரும். அதனால் அந்தப் பக்கம் மரத்தைக் கூடுதலாக விட்டு, துளை வெளியே வரும் முன் நிறுத்தி, மிச்சத்தை வெட்டிவிடு.

ஈரம் அடுத்த காரணம். 10 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள மரம் பிறகு சுருங்கும், உள்ளே இருக்கும் பித்தளை சுருங்காது. பசை விட்டுப்போன இடைவெளியும் விரிசலைக் கூப்பிடும். குழாயை 150 எண் உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோனால் துடை. தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் துளைக்குள்ளும் துடை. சூப்பர் குளூ பாதி வழியிலேயே குழாயைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு பாகம் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையே உனக்கு நல்லது. குழாயைத் திருகித் திருகி உள்ளே விடு, அப்போதுதான் பசை எல்லாப் பக்கமும் பரவும். அதற்குமுன் குழாய் வாயை மெழுகால் அடைத்துவிடு. உள்சுவரில் ஒரு துளி பசை காய்ந்திருந்தாலும், பொருத்தும் நேரத்தில் நிப் பகுதி இறுக்கமாக ஏறி மரத்தைப் பிளக்கும். உன் விரிசல் முனையிலிருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பசை நன்றாகக் காய்ந்தபின் முனை சீவும் கருவியான பேரல் டிரிம்மரால் முனைகளைச் சமப்படுத்தும்போது பித்தளை விளிம்பு பளிச்சென்று தெரிந்த கணமே நிறுத்து. மேலும் ஓட்டினால் குழாய் குட்டையாகும். முனை வெளியே வராத பேனாவின் கதையைப் பார்த்தால் அதில் குழாய் குட்டையாகவில்லை, ரீஃபிலை வெளியே தள்ளும் திருகு இயக்கம் குழாய்க்குள் போதிய ஆழம் இறங்கவில்லை. ரீஃபிலைக் கழற்றிவிட்டு அந்த இயக்கத்தை இன்னும் அரை மில்லிமீட்டர் அழுத்து, மீண்டும் மாட்டிப் பார். சரியாகும்வரை அப்படியே செய். ஒரேயடியாக அழுத்தினால் முனை உள்ளே போகவே போகாது. அழுத்தியதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

கடைவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2,000 முதல் 2,500 சுற்று, உளி தாங்கி மரத்துக்கு மிக அருகில். புஷ் அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே நிற்கும்போது உளியைத் தீட்டிக்கொண்டு மறுபடி தொடங்கு. புஷ்ஷை நம்பாமல் பொருத்தும் உலோகப் பாகங்களையே வெர்னியர் அளவுகோலால் அளந்து கடை. பிறகு 180, 240, 320, 400, 600 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய். ஒவ்வொரு எண்ணுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, மர ரேகையின் போக்கில் கையால் ஒருமுறை இழு. இல்லாவிட்டால் வட்டக் கீறல்கள் பாலிஷின் அடியில் நிற்கும். வெளிர் மரங்களில் எஃகுப் புஷ்ஷைத் தேய்க்காதே, கருந்தூள் ரேகைக்குள் ஏறிவிடும்.

அரக்கில் செய்யும் ஷெல்லாக் பாலிஷ் போட்டது சில வாரத்தில் மங்கிவிட்டது என்கிறாய். கை வியர்வைக்கு அது தாங்காது. மெல்லிய சூப்பர் குளூவைப் பேப்பர் துண்டில் தொட்டு, குறைந்த வேகத்தில் எட்டுப் பத்துப் பூச்சு கொடு. துணியால் பூசாதே. பருத்தி அந்தப் பசையோடு சேர்ந்து சூடாகிப் புகையும், சுழலும் பாகத்தில் சிக்கினால் விரலையும் இழுக்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை அள்ளித் தெளித்தால் வெண்மை படரும். புஷ்களில் மெழுகு தடவி வை. கழற்றும் முன் மரமும் புஷ்ஷும் சேரும் இடத்தில் கூர்முனையால் ஒரு கோடு இழு, இல்லாவிட்டால் பூச்சு ஓரத்தோடு பெயர்ந்து வரும். பாதுகாப்புக் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதே. ஈட்டி மரத்தூள் சிலருக்கு மூச்சுத் தொல்லையும் தோல் அரிப்பும் தரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்தப் படி ஒரு பக்கமா, சுற்றிலுமா? விரிசல் முனையிலிருந்து தொடங்குகிறதா, நடுவிலிருந்தா? பார்த்து எழுது. மூன்றாவது பேனாவைத் தூக்கிப் போட்டுவிடாதே, அதைச் சரிசெய்யலாம்.

அன்புடன்,
ராமு