அந்த ஏசிங்க்கை எடுத்துவிடு, சேகர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நாள் தவறாமல் போடச் சொல். கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுவார், உனக்கே தெரியும்.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய். லேப் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் (சர்வரின் எந்த ஃபைல்களை மற்ற மெஷின்களுக்கு எப்படித் திறந்துவிடுவது என்று எழுதிவைக்கும் இடம்) ‘ஏசிங்க்’ என்று ஒரு சொல் சேர்த்ததும் எல்லாம் பறக்கிறது, பசங்களுக்கு ஒரே சந்தோஷம் என்று. மற்றதையெல்லாம் படித்துவிட்டு மறுபடி மறுபடி அந்த வரிக்கே வந்துகொண்டிருந்தேன்.

நம் மூன்றாம் வருஷத்து அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? லேபில் இருந்த அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் உறைந்து நின்றன. திரையில் ‘சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்’ என்று ஒரு வரி. மாடியில் கரண்ட் போய் சர்வர் விழுந்திருந்தது. நீ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் கடைசி அத்தியாயத்தை சேவ் செய்த நேரம் அது. முகமெல்லாம் வெளுத்து உட்கார்ந்திருந்தாய். அரை மணி நேரம் கழித்து ‘சர்வர் ஓகே’ என்று வந்தது, விட்ட இடத்திலிருந்து எல்லாம் நகர்ந்தது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

நாம் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு சர்வரின் டிஸ்க்கிலுள்ள ஃபைல்களை மற்ற மெஷின்கள் நெட்வொர்க் வழியாகத் தங்களுடையதைப் போலவே பயன்படுத்தவைப்பதுதானே என்எஃப்எஸ்; 1984-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் அதை உருவாக்கியவர்கள் யோசித்துச் செய்துவைத்த ஏற்பாடு அது. சர்வர் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. எந்த ஃபைல், எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட் என்பதெல்லாம் ஒவ்வொரு முறையும் கேட்பவரே முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அதனால் சர்வர் விழுந்து எழுந்தாலும் குழப்பமில்லை. கிளையன்ட், அதாவது கேட்கும் மெஷின், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். (டாட்-என்எஃப்எஸ் என்று தொடங்கும் ஃபைல்கள் அழிக்க அழிக்க முளைக்கின்றன என்று நீ அப்போது திட்டுவாயே, அதற்கும் இதுதான் காரணம். ஒரு ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது சர்வருக்குத் தெரியாததால், திறந்திருப்பதை அழித்தால் கிளையன்ட்தான் அதற்குப் பெயரை மாற்றி ஒளித்துவைக்கிறது.)

இதெல்லாம் நடக்க ஒரே நிபந்தனை. ‘எழுதிவிட்டேன்’ என்று சர்வர் சொன்னால் அது டிஸ்க்கில் எழுதியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை நம்பித்தான் கிளையன்ட் தன்னிடமுள்ள பிரதியைக் கைவிடுகிறது. என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு 8 கேபி துண்டுக்கும் டிஸ்க்குக்குப் போய்வந்த பிறகே பதில் வரும். நம் லேப் அவ்வளவு மெதுவாக இருந்தது அதனால்தான். 1995-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு ஒரு நேர்மையான வழி கண்டுபிடித்தது. ‘வாங்கிக்கொண்டேன், ஆனால் இன்னும் மெமரியில்தான் இருக்கிறது’ என்று சர்வர் சொல்லலாம். கிளையன்ட் பிரதியை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு ‘கமிட்’ என்று கேட்கும்போது சர்வர் மொத்தத்தையும் டிஸ்க்கில் இறக்கிவிட்டுப் பதில் சொல்லும். இந்தப் பதில்கள் ஒவ்வொன்றோடும் 8 பைட்டில் ஒரு அடையாளம் வரும். சர்வர் ரீபூட் ஆனால் அது மாறிவிடும். கமிட்டுக்கு வந்த அடையாளம் வேறாக இருந்தால், நடுவில் சர்வர் விழுந்திருக்கிறது என்று கிளையன்ட்டுக்குப் புரியும். கையிலிருப்பதை மறுபடி அனுப்பும்.

ராத்திரி ராத்திரியாக என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். லினக்ஸ் கெர்னலில் இந்த 8 பைட்டைச் சுற்றித்தான் இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன். அதன் என்எஃப்எஸ் கிளையன்ட்டில் எழுதும் பகுதியைச் சுருக்கலாம் என்று ஒரு பேட்ச், அதாவது கோடில் ஒரு திருத்தம், தயார் செய்தேன். ஒவ்வொரு துண்டுக்கும் வந்த அடையாளத்தைத் தனித்தனியாக வைத்திருப்பது வீண் என்று தோன்ற, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். சோதனைகள் எல்லாம் தேறின. கமிட்டுக்கு முன்னால் சர்வரை நிறுத்திப் பார்த்தேன், அதிலும் தேறியது. ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: முதல் துண்டுக்கும் இரண்டாம் துண்டுக்கும் நடுவில் சர்வர் ரீபூட் ஆனால்?

யோசித்துப் பார். இரண்டாம் துண்டின் அடையாளமும் கமிட்டின் அடையாளமும் ஒத்துப்போகும். கிளையன்ட் நிம்மதியாகப் பிரதிகளை விட்டுவிடும். முதல் துண்டு எங்கேயும் இல்லை. எரர் வராது, லாகில் ஒரு வரி இருக்காது. ஃபைலின் நடுவில் வெறும் பூஜ்யங்கள் இருக்கும், அதை எவனோ ஒருவன் ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்ப்பான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ சேர்த்த ஏசிங்க் இதைத்தான் தெரிந்தே செய்கிறது. டிஸ்க்கில் இறங்கும் முன்பே ‘இறக்கிவிட்டேன்’ என்று சர்வரைச் சொல்லவைக்கிறது. கமிட் கேட்டாலும் அதே பதில்தான். கரண்ட் போய் வந்தால், அடையாளம் மாறியிருந்தாலும் பயனில்லை; திருப்பி அனுப்பக் கிளையன்ட்டின் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. லினக்ஸில் என்எஃப்எஸ் சர்வரை நடத்தும் கருவிகளின் தொகுப்பான என்எஃப்எஸ்-யூட்டில்ஸில் 1.0.0 வரை எதுவும் குறிப்பிடாவிட்டால் ஏசிங்க்தான். அதற்குப் பிறகு, டிஸ்க்கில் எழுதிய பிறகே பதில் சொல்லும் ‘சிங்க்’ ஆக்கினார்கள், வேகம் குறையும் என்று தெரிந்தேதான்.

ஏசிங்க் இல்லாதபோது உன் பசங்களுக்கு மெதுவாகத் தெரிவது பெரும்பாலும் கம்பைல் செய்யும்போது குவியும் சின்னச் சின்ன ஃபைல்களால் இருக்கும். புதிதாக ஒரு ஃபைல் உருவானாலே அது டிஸ்க்கில் பதிந்த பிறகுதான் பதில் வரும். அவற்றை அந்தந்த மெஷினின் சொந்த டிஸ்க்கிலேயே போடச் சொல்; சோர்ஸும் ரிப்போர்ட்டும் மட்டும் சர்வரில் இருக்கட்டும். கிளையன்ட்டுகளின் மவுன்ட்டில் ‘சாஃப்ட்’ (சர்வர் பதில் சொல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கைவிட்டு எரர் கொடுப்பது) போட்டிருந்தால் அதையும் ‘ஹார்ட்’ (பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது) ஆக்கிவிடு. ஹார்ட்டில் மாட்டிக்கொண்ட புரோகிராமை, கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் நைன் கொடுத்தும் கொல்ல முடியவில்லை என்றுதான் அப்போதெல்லாம் சாஃப்ட் போட்டோம். 2008-ல் 2.6.25 கெர்னல் வந்ததிலிருந்து அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்கிறேன். அதற்குள் ஏசிங்க்கை சிங்க் என்று மாற்றி, மாற்றம் நடைமுறைக்கு வர எக்ஸ்போர்ட்எஃப்எஸ் மைனஸ் ஆர்ஏ கட்டளையைக் கொடுத்துவிடு. இந்தப் பருவத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டெல்லாம் அந்த டிஸ்க்கில்தானே இருக்கிறது.

அம்மாவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு.

உன்,
குமரன்